பக்தி என்றால் பங்கா? ஒரு சொல்லைத் துரத்திய குறிப்புகள்

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த ஊரில் பிழைத்தாலும் அந்த ஒரு நாள் குலசாமியிடம் போய் நின்றுவிட வேண்டும். பங்காளிகள் எல்லாரும் தலைக்கட்டு வரி கொடுப்பார்கள். கல்யாணமான ஆண் ஒருத்தருக்கு ஒரு தலைக்கட்டு. சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு, தள்ளி நிற்கிற காவல் தெய்வத்துக்குக் கிடா. கறியைக் கூறு போட்டு, வரி நோட்டைப் பார்த்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

என் அப்பா கூடப் பிறந்த அத்தை ஒருத்தர் இருக்கிறார். மாமா போன பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். கோயிலில் விளக்கேற்றுவது, வாசல் தெளிப்பது, கொடைக்கு முதல் நாள் பாத்திரம் கழுவுவது எல்லாம் இருபது வருசத்துக்கு மேல் அவர்தான். இந்த வருசம் நோட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் போய், "எனக்கும் ஒரு தலைக்கட்டு போடுங்க, நான் வரி தாரேன்" என்றார். கணக்கு எழுதுகிறவர் சிரித்துக்கொண்டே, "பொறந்த பொண்ணுக்கு வரி கெடையாதும்மா. ஒனக்குப் பக்தி இருக்கு, யாரு இல்லன்னா? உண்டியல்ல போடு" என்றார்.

அத்தை என்னிடம் வந்தார். "ஏ மருமவனே, நீ பொஸ்தகம் படிக்கிறவன்தான? பக்தி இருக்குங்காவ, பங்கு இல்லங்காவ. அப்பொ பக்தின்னா என்னல?"

எனக்கு அப்போது வாயில் ஒன்றும் வரவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து அகராதிகளைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, அத்தை கேட்ட கேள்வி நேராகப் போய் அந்தச் சொல்லின் வேரில் இடிக்கிறது என்று.

வடமொழியில் 'பஜ்' என்று ஒரு வினையடி. பிரி, பகிர்ந்துகொடு என்பது அதன் பழைய பொருள். அதையே தனக்காகச் செய்துகொள்ளும்போது, தன் பங்கைப் பெறு, அனுபவி, ஒன்றைச் சேர்ந்திரு, அதையே நாடிப் போ, பணிவிடை செய், அன்பு வை என்று பொருள் கிளை விடுகிறது. நமக்குத் தெரிந்த பாகம், விபாகம், பஜனை, பகவான், பக்தன் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். வேற்றுமை உருபுக்கு வடமொழி இலக்கணத்தில் 'விபக்தி' என்று பெயர். அங்கே பக்தி என்றால் சுத்தமாகப் பிரிவினைதான், சாமி இல்லை. அ. பீம்சிங் 1958-ல் 'பதிபக்தி' என்று ஒரு படம் எடுத்தார், 1959-ல் 'பாகப்பிரிவினை' எடுத்தார். இரண்டிலும் சிவாஜி. இரண்டு தலைப்பிலும் ஒரே வேர் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா தெரியாது.

யாஸ்கரின் நிருக்தத்தில் 'பக்தி' வருகிறது. எந்தெந்தப் பொருள்கள் அக்னியின் பக்தி, எவை இந்திரனின் பக்தி என்று அவர் பிரித்து வைக்கிறார். உலகம், பருவம், சந்தம் எல்லாவற்றையும் தேவதைகளுக்குப் பங்கு போடுகிற இடம் அது. வசந்தகாலம் அக்னி பங்கு, காயத்ரி சந்தம் அக்னி பங்கு, இப்படி. வசந்தகாலம் அக்னியை நினைத்து உருகுகிறது என்று யாரும் அர்த்தம் பண்ண முடியாது. அது அக்னியின் கணக்கில் சேர்ந்தது, அவ்வளவுதான்.

பாணினியிடம் வந்தால் இன்னும் சுவாரசியம். அஷ்டாத்யாயியில் 4.3.95-ல் தொடங்கிச் சில சூத்திரங்கள் 'இது இவனுடைய பக்தி' என்ற பொருளில் பெயர்களை ஆக்குவது எப்படி என்று சொல்கின்றன. இங்கே பக்தி என்பது உள்ளத்து உணர்ச்சியின் பெயராக இல்லை. ஒருத்தன் எதன்மேல் பிடிப்பு வைத்திருக்கிறானோ அந்தப் பொருளே அவனுடைய பக்தி. அந்தப் பொருள் வாசுதேவனாக இருக்கலாம், அர்ஜுனனாக இருக்கலாம், நாடாளுகிறவனாக இருக்கலாம். காசிகை உரை தருகிற உதாரணங்களில் ஸ்ருக்னம் என்ற ஊரும் உண்டு, அப்பமும் உண்டு. ஆமாம், தின்கிற அப்பம். அப்பத்தின்மேல் பிரியமாக இருக்கிறவனுக்கு ஒரு பெயர், பாயசப் பிரியனுக்கு ஒரு பெயர். வாசுதேவனும் அப்பமும் பக்கத்துப் பக்கத்து விதிகளில் உட்கார்ந்திருப்பதில் பாணினிக்கு ஒரு கூச்சமும் இல்லை. 'தேசபக்தி' என்பது விடுதலைப் போராட்ட காலத்தில் கடவுளிடமிருந்து நாட்டுக்குக் கடத்தப்பட்ட சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். திரு.வி.க. 1917-ல் ஆசிரியராக இருந்து நடத்திய நாளிதழின் பெயர் 'தேசபக்தன்' என்பது நினைவிருக்கும். ஆனால் இலக்கணக்காரரைக் கேட்டால் ஊரும் அரசனும் பக்திக்கு உரியவையாக எப்போதோ இருந்திருக்கின்றன. கடவுள் அந்த வரிசையில் ஒருவர்.

இன்னொரு சங்கதி. வடமொழியில் 'பக்தம்' என்றால் பங்கிடப்பட்டது. அதிலிருந்து உணவு, குறிப்பாகச் சோறு. இந்தியிலும் வங்காளியிலும் மராத்தியிலும் சோற்றுக்கு 'பாத்' என்கிறார்களே, அது இந்தப் பக்தம் தேய்ந்து வந்ததுதான். நம் ஓட்டல்களில் வாங்கிபாத், பிசிபேளாபாத் என்று பலகையில் எழுதி வைத்திருப்பதும் அதே பாத். பக்தரும் பாத்தும் உடன்பிறப்பு. பிரசாத வரிசையில் தொன்னையோடு நிற்கிறவரைப் பார்த்துச் 'சாமி கும்பிட வந்தானா சோத்துக்கு வந்தானா' என்று முணுமுணுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடவுளிடம் வைக்கும் பற்று என்ற பொருளில் இந்தச் சொல் தெளிவாக வருகிற ஆரம்ப இடங்களில் ஒன்று சுவேதாசுவதர உபநிடதத்தின் கடைசிப் பகுதி. கடவுளிடம் எப்படியோ அப்படியே குருவிடமும் பக்தி என்கிற இடம். கீதையில் அது ஒரு யோகமாகவே ஆகிவிடுகிறது. பிறகு வந்த நாரத பக்தி சூத்திரம் பக்தியை உச்சமான பிரேமை என்று வரையறுக்கிறது. இன்றைக்குச் சொற்பொழிவு மேடையில் 'பக்தி என்றால் அன்பு, அவ்வளவுதான்' என்று சொல்கிறவர்கள் நிற்பது இந்தக் கடைசிப் படியில். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் கடைசிப் படியில் நின்றுகொண்டு இதுதான் வீடு என்றால் எப்படி? பங்கு, சேர்மானம், சோறு எல்லாம் கீழே கிடக்கின்றன.

இப்போது தமிழ்ப் பக்கம் வரலாம். இங்கேதான் சண்டை.

பக்தி வடமொழியே இல்லை, தமிழ்தான் என்று ஒரு கட்சி உண்டு. அதில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவு 'பகு' என்ற வேரைக் காட்டும். பகுதி, பகுப்பு, பங்கு, பாதி, தோட்டத்துப் பாத்தி எல்லாம் அதில் வருகின்றன. குறளில் பகிர்ந்து உண்ணும் உணவுக்குப் 'பாத்தூண்' என்றே ஒரு சொல் இருக்கிறது, எவ்வளவு அழகான சொல்! எனவே பகு என்பதிலிருந்துதான் பஜ் போனது, பகவனும் படியளக்கிறவன் என்ற பொருளில் தமிழே என்பது பாவாணர் வழியில் வருகிறவர்களின் வாதம். இன்னொரு பிரிவு 'பற்று' என்பதைக் காட்டும். பற்று பேச்சில் பத்து ஆகிறது, காற்று காத்து ஆவது மாதிரி. பத்து பத்தி ஆனது, பத்தியை வடக்கே கொண்டுபோய்ப் பக்தி ஆக்கினார்கள் என்பார்கள்.

முதல் வாதத்தின்மேல் எனக்கு ஒரு காலத்தில் பெரிய ஆசை இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொருள் அவ்வளவு பொருந்துகிறது. ஆனால் சொல் ஆராய்ச்சியில் பொருத்தம்தான் முதல் எதிரி. 'பஜ்' தனியாள் இல்லை. பழைய பாரசீகத்தில், டேரியஸ் காலத்துக் கல்வெட்டுகளில், கடவுளுக்குப் 'பக' என்று பெயர். ருஷ்ய மொழியில் கடவுள் 'போக்', பணக்காரன் 'பகாத்திய்'. கிரேக்கத்தில் உண்பதற்கான 'பகெய்ன்' என்ற வினையையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். பங்கு, செல்வம், அதைக் கொடுக்கிற தெய்வம், கிடைத்ததைத் தின்பது, எல்லாமே அங்கேயும் இருக்கின்றன. ஒலியும் ஒழுங்காக நடக்கிறது. வடமொழியின் மூச்சொலிப் 'ப', ஈரானிய மொழிகளிலும் ஸ்லாவிய மொழிகளிலும் மென்மையான 'ப' ஆகும், கிரேக்கத்தில் மூச்சோடு கூடிய வல்லினம் ஆகும். சகோதரன் என்பதற்கான 'பிராதா' என்ற சொல்லிலும் இதே கதைதான். பஜ்-பாகம் என்ற மாற்றமும், யுஜ்-யோகம், த்யஜ்-த்யாகம் என்ற மாற்றத்தோடு ஒரே அச்சில் வார்த்தது. இவ்வளவு உறவுக்காரர்களோடு நிற்கிற ஒரு சொல்லைத் தமிழிலிருந்து கடன் போனது என்று சொல்ல வேண்டுமானால், அந்த உறவுக்காரர்கள் எல்லாரும் எப்படிக் கடன் வாங்கினார்கள் என்றும் சொல்ல வேண்டும். பாவாணர் அதற்கும் தயார்தான், உலக மொழிகளுக்கே தமிழ் தாய் என்பது அவர் நிலை. அவருடைய உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் விளக்குகிற ஒரு விளக்கம் இந்த ஒரு சொல்லை விளக்க உதவுவதில்லை. 'பகு' திராவிட மொழிக் குடும்பத்துக்குச் சொந்தமான வேர். 'பஜ்' வேறொரு குடும்பத்தின் வேர். இரண்டும் ஒலியிலும் பொருளிலும் ஒத்துப்போனது தற்செயல் என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். தற்செயல் என்றால் நமக்கு ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும்.

'பற்று' வாதத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தேவார, திருவாசகக்காரர்கள் பற்று என்ற சொல்லையும் பயன்படுத்துகிறார்கள், பத்தி என்ற சொல்லையும் பயன்படுத்துகிறார்கள். ஒன்று இன்னொன்றின் பேச்சு வடிவம் என்றால் ஒரே நூலில் இரண்டும் தனித்தனி ஆளாக நடமாடாது.

பிறகு 'பத்தி' எப்படி வந்தது? அது கொச்சையோ பிழையோ இல்லை, இலக்கணச் சுத்தமான தமிழ் வடிவம். தொல்காப்பியம் சொல்கிற மெய்ம்மயக்க விதிப்படி ககர மெய்க்குப் பின்னால் ககரம் மட்டும்தான் வரலாம். 'க்த' தமிழ் வாய்க்குள் நுழையாது. அதனால் சக்தி சத்தி ஆனது, முக்தி முத்தி ஆனது, யுக்தி உத்தி ஆனது, பக்தி பத்தி ஆனது. கும்பகோணம் பக்கத்தில் திருச்சத்திமுற்றம் என்ற ஊர்ப்பெயரில் பழைய உச்சரிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. உத்தி மட்டும் தனியாகப் பிரிந்துபோய் நவீன விமர்சனத்தில் நல்ல வேலை பார்க்கிறது. மற்றவர்களை நாம் மறுபடி வடமொழி உடுப்புப் போட்டுப் பக்தி, சக்தி, முக்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

பத்திக்கு ஒரு சங்கடமும் இருந்தது. வரிசை என்ற பொருளில் வேறொரு பத்தி, பங்க்தியிலிருந்து வந்தது. பந்தியும் அதன் உறவு. பத்திரிகையில் எழுதுகிற பத்தியும் அதுதான். ஊதுபத்தியில் இருப்பது திரி என்று பொருள்படும் வர்த்தியின் வழிவந்தது. சாமி முன்னால் ஊதுபத்தி ஏற்றி, பந்தியில் உட்கார்ந்து, பத்தியோடு சாப்பிட்டால் மூன்று வேறு வேறு சொற்களைச் செலவழித்திருக்கிறோம். தங்க நகை செய்கிற பத்தர் இன்னொரு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

திருவாய்மொழியில் மூன்றாம் பதிகம் 'பத்து' என்ற சொல்லோடு தொடங்குகிறது. எண் இல்லை, பக்தி என்றுதான் உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் பத்தியை ஒரு வலையாகவும், அதில் சிக்கிக்கொள்கிறவனாகச் சிவனையும் மாணிக்கவாசகர் காட்டுகிறார். மாட்டிக்கொள்வது பக்தன் இல்லை, சாமி! தலைப்பில் 'பகுதி', உள்ளே 'பத்தி'. பகு கட்சிக்காரர்கள் இதை இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படுவது வேறு. நாயன்மார்களும் ஆழ்வார்களும் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் பத்தர் என்று இல்லை. அடியார், தொண்டர், ஆள், அடிமை. சுந்தரர் பாடியது திருத்தொண்டத்தொகை. அதை விரித்துச் சேக்கிழார் பாடியதன் பெயர் திருத்தொண்டர் புராணம். தொகையடியார் ஒன்பது கூட்டத்தில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் 'பத்தராய்ப் பணிவார்' என்று பெயர். அதாவது அடியார் என்ற பெரிய வட்டத்துக்குள் பத்தர் ஒரு வகை. இன்றைக்கு நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். பக்தி என்ற பெரிய டப்பா, அதற்குள் அடிமையும் தொண்டும்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. அடி என்பது பாதம். குறளின் கடவுள் வாழ்த்தில் பத்துப் பாட்டில் ஏழு பாட்டு அடியை அல்லது தாளைப் பேசுகிறது. பத்தி அங்கே இல்லை. (முதல் குறளில் பகவன் இருக்கிறான் என்பதை மறைக்கவில்லை. பக்தி வராத நூலில் அதே வேரைச் சேர்ந்த சொல் முதல் வரியிலேயே வந்து நிற்பது வேடிக்கைதான்.) தமிழில் சாமியோடு உள்ள உறவுக்கு மூலப்படம் பாதமும் அதன் கீழ் கிடக்கிற ஆளும். வடமொழிச் சொல்லின் மூலப்படம் நடுவில் வைத்த பொருளும் அதைச் சுற்றிப் பங்குக்கு உட்கார்ந்திருக்கிறவர்களும். திருவெண்ணெய்நல்லூர்க் கதையை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வருகிறார். 'நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இது' என்று வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைக் கிழித்துப் போடுகிறார். வழக்கு சபைக்குப் போகிறது, மூல ஓலை வெளியே வருகிறது, கையெழுத்து ஒத்துப்போகிறது, சுந்தரர் தோற்கிறார். இதில் பங்கு எங்கே இருக்கிறது? பத்திரப்பதிவு மாதிரி இருக்கிறது. எனக்குச் சாமியில் பங்கு என்ற பேச்சே இல்லை, சாமிக்கு நான் சொத்து.

இதையெல்லாம் 'பக்தி இலக்கியம்', 'பக்தி இயக்கம்' என்று ஒரே பெயரில் கட்டும்போது அந்த ஓலை காணாமல் போகிறது. பக்தி இயக்கம் என்ற கருத்தே எப்படி உருவாக்கப்பட்டது என்று ஜான் ஸ்டிராட்டன் ஹாலி 2015-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தெற்கே பிறந்து வடக்கே பரவிய ஒரே அலை என்ற கதைக்கு எல்லாரும் காட்டுகிற ஆதாரம், பக்தி என்ற பெண் தான் திராவிடத்தில் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்து குஜராத்தில் கிழடு தட்டிப் பிருந்தாவனத்தில் மறுபடி இளமை பெற்றதாகச் சொல்லும் உருவகம். அது பாகவத புராணத்தில் இருப்பதாகவே மேடையில் சொல்வார்கள். இருப்பது பாகவத மாகாத்மியத்தில். புராணத்தின் பெருமையைச் சொல்லப் பிறகு எழுந்த நூல் அது. 'பக்தி தமிழ்நாட்டில் பிறந்தது' என்று நாம் பெருமையாக மேற்கோள் காட்டுகிறபோது, நம் ஆட்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை விட்டுவிட்டு, வெளியூர்க்காரர்கள் வைத்த பெயரில் பட்டா வாங்கிக்கொள்கிறோம்.

கைலாசபதி 'நாடும் நாயன்மாரும்' கட்டுரையில் இந்தப் பாடல்களுக்குப் பின்னால் இருந்த நிலவுடைமையையும் வணிகத்தையும் தேடினார். அவர் முடிவுகளோடு முழுக்க உடன்படாதவர்களுக்கும், யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிற அந்தப் பழக்கம் பிடித்துப்போகும். எனக்குப் பிடித்தது. அந்தக் கேள்வியோடு பார்த்தால் பங்கு என்ற பழைய பொருள் தமிழ்க் கதைகளுக்குள் பின்வாசல் வழியாக வந்து நிற்கிறது.

தக்கன் வேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை எதற்கு? எல்லாத் தேவர்களுக்கும் அவிர்ப்பாகம் உண்டு, சிவனுக்கு இல்லை. பாகம் கொடுக்காத ஒரு விருந்து. வீரபத்திரர் வந்து துவம்சம் பண்ணுகிறார். அதில் பகன் என்ற தேவனுக்குக் கண் போகிறது. யார் இந்தப் பகன்? ரிக்வேதத்தில் பங்கைக் கொடுக்கிற தெய்வம். ஏழாம் மண்டலத்தில் அவனுக்கென்றே உள்ள சூக்தத்தில் வலுவில்லாதவனும் அரசனும் ஒரே மாதிரி அவனிடம் தன் பங்கைக் கேட்கிறார்கள். பகவான் என்ற சொல்லும் இந்தப் 'பக' என்பதிலிருந்துதான். திருவுந்தியாரில் மாணிக்கவாசகர் இந்தப் பகனைச் சாப்பிட வந்தவனாகக் காட்டிக் கண்ணைப் பறிகொடுக்க வைக்கிறார். பங்குக்கே அதிபதி, ஒருத்தருக்குப் பங்கு மறுக்கப்பட்ட பந்தியில் வாய்திறக்காமல் உட்கார்ந்து சாப்பிடப் போய்க் கண்ணை இழக்கிறான். இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கண் போனது ஏன் அவனுக்கு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்புறம் நந்தனார். சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்கிறார். ஆதனூர்க்காரர். கோயில் பேரிகைக்குத் தோல், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை, இவ்வளவும் கொடுக்கிறவர் அவர். வாசலுக்கு உள்ளே போக முடியாது. திருப்புன்கூரில் நந்தி விலகிக் காட்சி கிடைத்தது, நின்ற இடம் வெளியேதான். தில்லையில் தீக்குள் புகுந்த பிறகுதான் உள்ளே. 'அவர் பக்திக்கு ஈடில்லை' என்று சொல்லாதவர் கிடையாது. பக்தி இருக்கு, பங்கு இல்லை. எங்கள் ஊர்க் கணக்கு எழுதுகிறவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, பல நூற்றாண்டுப் பழைய வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொன்னார். மதுரையில் 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, உள்ளே போனவர்களுக்குப் பக்தி புதிதாக முளைத்தா போனார்கள்? பங்கு கேட்டுப் போனார்கள்.

பக்திக்கு ஆங்கிலத்தில் 'டிவோஷன்' என்று போடுகிறோம். அது லத்தீனில் நேர்ந்துகொள்வது, சபதம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. தனி மனிதனின் உள்ளத்தில் நடக்கிற காரியம். அந்த மொழிபெயர்ப்பு திரும்பி வந்து நம் தமிழ்ப் பக்தியையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது என்பது என் சந்தேகம். தமிழ் விவிலியப் பழைய மொழிபெயர்ப்பில் 'தேவபக்தி', 'பக்திவிருத்தி' என்றெல்லாம் வருகின்றன. பள்ளிவாசல் பக்கமும் 'பயபக்தி' தாராளமாகப் புழங்குகிறது. யாருக்கும் தடையில்லாமல் கிடைக்கிற சொல்லாக அது ஆனதற்குக் காரணமே அதிலிருந்து பங்கு கழன்றுபோனதுதான். மனசுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள், நோட்டில் பெயர் கேட்காதே.

சரி, சாதாரணப் பேச்சில் நாம் இந்தச் சொல்லை எப்படி வைத்திருக்கிறோம்? யாரும் 'பக்தி பண்ணப் போறேன்' என்று சொல்வதில்லை. சாமி கும்பிடப் போறோம், நேந்துக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், முடி எடுக்கிறோம். பக்தி என்பது அடுத்தவரைப் பற்றிச் சொல்கிற சொல். 'அவங்க ரொம்ப பக்தி.' செய்கிறவர் வாயில் வராது, பார்க்கிறவர் வாயில் வரும். பல சமயம் பாராட்டு மாதிரி இருக்கும், சமயத்தில் இப்படி வாசலில் நிறுத்தவும் உதவும்.

அத்தைக்கு போனில் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பாணினி அவரை அசைக்கவில்லை. ஓட்டல் பாத் சோறும் பக்தியும் ஒண்ணு என்றபோது மட்டும், "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லல, கூறு வாங்கையில கேட்டிருப்பேன்" என்றார். நான் வாங்கிக்கொண்டு வந்த கூறில் பாதியை அவருக்குக் கொடுத்தபோது அவர் வாங்காமல் போனது எனக்கு அப்போது கோபமாகத்தான் இருந்தது.

அவர் ஐந்நூறு ரூபாயை உண்டியலில் போடவில்லை. நோட்டுக்காரர் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார். அவரும் எழுதியிருக்கிறார். தலைக்கட்டு வரிசையில் இல்லை, கடைசிப் பக்கத்தில், வாடகைப் பாத்திரத்துக்கும் மைக்செட் முன்பணம் திரும்பி வந்ததற்கும் கீழே, 'இதர வரவு' என்ற தலைப்பில். பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இன்ஷியலோடு இருக்கிறதாம், அவங்க அப்பா இன்ஷியல்.